அந்தப் பீப்பாய் தீரட்டும்

தம்பி அருள், உன் பீப்பாய் தீர்ந்துவிட்டதா? வெள்ளிக்கிழமைதோறும் நான் போனில் கேட்கிற அதே கேள்விதான். போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய். நானும் அந்தச் சிரிப்பைச் சாக்காக வைத்துக்கொண்டு மழை பெய்ததா, மீன் கிடைத்ததா என்று வேறு பக்கம் போய்விடுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு, இனி படிக்கலாம் எழுதலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் எழுதுகிற முதல் நீளமான விஷயம் இது. வரிகள் கொஞ்சம் மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். உன் அம்மா ஆலங்குடி டெலிபோன் எக்சேஞ்சில் பாதி ஆயுசை ஹெட்செட்டுக்குள் கழித்தவள். சவூதியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த குரல்களை இந்த ஊர் வீடுகளுக்கு இணைத்துக் கொடுத்தவள். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிட்டால், காத்திருப்பவரிடம் “எடுக்கலைங்க” என்பேன். “இன்னொரு தரம் போட்டுப் பாருங்கம்மா” என்பார். போடுவேன். குரலைக் கேட்டே ஆள் சாப்பிட்டாரா பட்டினியா என்று இவள் சொல்லிவிடுவாள் என்று உன் அப்பா என்னைக் கேலி செய்வார். அப்படிப்பட்டவளிடம் குரலை மறைப்பது சுலபமில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படி.

நீ முதன்முதலில் இந்தப் பேச்சை எடுத்தது தவக்காலம் தொடங்கியிருந்த சமயம். நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்து உட்கார்ந்திருந்தேன். உனக்கு அங்கே அடிலெய்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. “அம்மா, வீட்டுல ஒரு பார் வச்சிருக்கேன். பீரும் நானே காய்ச்சுறேன்” என்று ஏதோ கத்தரிக்காய்த் தோட்டம் போட்டவன் மாதிரி சொன்னாய். பார் என்றால் நான் கண்டது கீரமங்கலம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகையும், அதைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களும்தான். உன் பெரிய மாமாவை நீ பார்த்ததில்லை. என் சொந்த அண்ணன். யார் கண்ணிலும் படக் கூடாதென்று கடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றபடியே குடிப்பார். ஒருநாள் அந்தச் சுவரடியிலேயே விழுந்துதான் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்துக்கொண்டு, “தவக்காலத்துல தொடங்குற வேலையாடா இது?” என்று உன்னிடம் பாய்ந்தேன். நீ கோபப்படவில்லை. “இது குடிக்கிறதுக்கு இல்லம்மா, செய்யிறதுக்கு. ஆளுங்க வந்தா உக்கார ஒரு எடம் வேணும்ல” என்றாய். நீ சொன்னதில் முதல் பாதிதான் அன்று என் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி மண்டையில் ஏற மாதக் கணக்கில் ஆகிவிட்டது.

பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு உன் கார் ஷெட் முழுக்கச் சுற்றிக் காட்டினாய். நீயே அறுத்து இழைத்த மர மேசை. அதன் முன்னால் உயரமான ஸ்டூல்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பழைய பிரிட்ஜ், அதன் கதவில் துளை போட்டு இரண்டு குழாய்கள். கதவைத் திறந்தால் உள்ளே பால் சொசைட்டி கேன் மாதிரி ஒல்லியாக ஓர் எவர்சில்வர் பீப்பாய், பக்கத்தில் சாம்பல் நிற கேஸ் சிலிண்டர். முளைகட்டி வறுத்த பார்லியை அண்டாவில் ஊற வைத்தாய். வடித்துக் கொதிக்கவிட்டாய். காய்ந்த பச்சைப் பூ ஒன்றைப் போட்டுவிட்டு, “இது நம்ம வேப்பம்பூ மாதிரி கசக்கும்மா” என்றாய். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடி அலமாரிக்குள் வைத்தாய். எதைத் தொட்டாலும் மருந்துத் தண்ணீரில் கை கழுவினாய். சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் தலைமறைவாகிற பிள்ளை, ஒரு பீப்பாயை இப்படிக் குளிப்பாட்டுவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சிலிண்டர் மாட்டிய இடத்தில் சோப்பு நுரையைத் தடவிக் கசிவு பார்த்தபோது மட்டும் நான் போனைக் கண்ணருகே இழுத்துக்கொண்டேன். அடுப்புக்கு கேஸ் மாற்றும்போது உன் அப்பா அப்படித்தான் குனிந்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார்.

அலமாரிக்குள் அது புளித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் போனை அதன் மூடியருகே கொண்டுபோய், “கேளும்மா” என்றாய். குளுக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு குளுக். உள்ளே உண்டாகிற காற்று சின்னக் குழாயில் இருக்கும் தண்ணீர் வழியாக வெளியேறுகிற சத்தம் என்று விளக்கினாய். பால் குடிக்கிற குழந்தையின் தொண்டையில் கேட்கிற சத்தம் அது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எவ்வளவு நேரம் கேட்டேன் என்று உனக்குத் தெரியாது, நீ போனை அங்கேயே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாய். அப்புறம் அதைப் பீப்பாய்க்கு மாற்றி, கேஸ் ஏற்றி, குளிரவைத்து, ஒரு வெள்ளிக்கிழமை குழாயைத் திறந்தாய். கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி நுரை. “என்னடா, காப்பிய ஆத்துன மாதிரி இருக்கு?” என்றேன். “பிரஷர் ஜாஸ்தியாயிருச்சும்மா, சரி பண்ணிருவேன்” என்றாய். நீ டம்ளரைத் தூக்கிக் காட்ட, நான் மோர் டம்ளரைத் தூக்கிக் காட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்குக் கைவேலை வருகிறது, அதுவும் உன் அப்பாவின் கைவேலை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் ஒயின் ஜாடியை நீ மறந்திருக்க மாட்டாய். வருஷம் முழுக்க விவசாயிகளின் போர் மோட்டாருக்கு காயில் கட்டிக்கொண்டு, கையெல்லாம் வார்னிஷ் வாசனையோடு அலைகிற மனிதர், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் பிறக்கப்போகிறது என்றால் புதுக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். பன்னீர் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் வரும். திராட்சையைக் கழுவித் துடைத்துக் கையால் நசுக்கிப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயில் வேட்டித் துணியைக் கட்டி, தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வடிகட்டுவார். அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆவூர்ப் பக்கம் அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். முதல் டம்ளர் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். வெளி ஆள் ஒருவர் குடித்த பிறகுதான் வீட்டு மனிதர்கள் நாக்கில் வைக்கலாம். செய்தவருக்கும் அதே சட்டம்தான். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் ஒரு கூஜாவில் ஊற்றிக்கொண்டு, சட்டைப் பையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களோடு தெருவில் இறங்கிவிடுவார். ஜனவரி முதல் வாரத்து மூன்று ராசாக்கள் திருநாளுக்குள் ஜாடி காலியாகி, கழுவி, வெயிலில் கவிழ்ந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு முத்தையா சித்தப்பாவுக்கு மட்டும் சலுகை. அந்த நேரத்தில் அவர் மாலை போட்டிருப்பார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிறவரை அவர் பங்கு ஒரு சின்னப் பாட்டிலில் நம் பிரிட்ஜில் காத்திருக்கும். அவருடைய முந்திரி வியாபாரம் படுத்து எத்தனை கோபத்தில் இருந்தாலும், கழற்றிய அன்று சாயங்காலம் அந்த மனுஷன் நம் வாசலில் வந்து இருமுவார். அவர் சம்சாரம் பார்வதி சித்தியோ, “எனக்கு வேணாங்க்கா, நாக்கு நனையிற அளவு இருந்தாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே முழு டம்ளரையும் முடித்துவிடுவாள். நான் ஒருதரம் அப்பாவிடம் கேட்டேன், ராத்திரியில் கூஜாவைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு அவர்களை நம் வீட்டுக்கே வரச் சொல்லக் கூடாதா என்று. “வாங்கன்னு கூப்புட்டா யோசிப்பாங்க. கொண்டுபோயிக் குடுத்தா வாங்கிக்குவாங்க” என்றார். அவ்வளவுதான் அவர் விளக்கம். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியுமா?

உனக்கு விவரம் தெரியாத வயதில் ஒரு கிறிஸ்துமஸ் அன்று நீ காணாமல் போனாய். பகலில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் குடித்த டம்ளர்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் கோழியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். தெருவெல்லாம் தேடினோம். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது எனக்கு உயிரே இல்லை. கடைசியில் பார்வதி சித்திதான் கண்டுபிடித்தாள். நம் வீட்டுக் குடிலில், குழந்தை இயேசுவை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டு, வைக்கோலில் நீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். டம்ளர்களில் அடியில் நின்ற ஒயினையெல்லாம் ஒன்றுவிடாமல் நக்கியிருக்கிறாய். நான் முதுகில் வைக்கக் கையை ஓங்கினேன். அப்பா தடுத்துவிட்டு, “விடு, எல்லார் டம்ளர்லயும் குடிச்சிருக்கான், எல்லார் வீட்டுப் புள்ளையா இருப்பான்” என்று சிரித்தார். அதற்கப்புறம் நம் தெருவில் உனக்கு ‘குடில் அருள்’ என்று பேரே வந்துவிட்டது. இன்றைக்கும் முத்தையா சித்தப்பா வாயில் அந்தப் பேர்தான்.

அப்பா போன பிறகும் நான் ஜாடியை நிறுத்தவில்லை. உன் கல்யாணத்துக்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். கூஜாவை நீ பிடித்துக்கொள்ள, டம்ளர்களை அந்தப் பெண் பட்டுப்புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே உன்னோடு தெருவைக் கடந்ததை வாசலில் நின்று பார்த்தேன். அவளைப் பற்றி நான் இப்போதும் ஒரு சொல் குறைவாகச் சொல்ல மாட்டேன். உங்களுக்குள் ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டீர்கள். யார் மேல் தப்பு என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. ஆனால் கோர்ட் விஷயம் முடிந்ததும், “கிறிஸ்துமஸுக்கு வாரேம்மா” என்று நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன்? “இப்ப வேணாம்டா. வந்தா ஆளாளுக்கு வாயக் கிளறுவாக. கொஞ்சம் அடங்கட்டும், அப்புறமா வா” என்றேன். அடிபட்டு வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி, தெருவில் ஆள் நடமாட்டம் குறையட்டும், அப்புறம் உள்ளே வா என்று சொன்ன மாதிரிதான் அது. நீ சரிம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாய். அந்தச் சரியில் எந்தச் சரியும் இல்லை என்று தெரிந்தும், நான் மறுபடி கூப்பிட்டு வா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீயும் வரவில்லை. நானும் ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் லீவு கிடைக்கவில்லை, வேலை அதிகம் என்று காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நான் ஒயின் போடவில்லை. போன வருஷம் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டேன், வடிகட்டித் திரும்ப ஜாடியிலேயே ஊற்றியும் வைத்தேன். ஆனால் கூஜாவைத் தூக்கிக்கொண்டு போனால் “அருள் வரலையாக்கா?” என்று கேட்பார்களே. அதற்குப் பயந்து பூசை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். நானும் குடிக்கவில்லை, சட்டம் இருக்கிறதே. ஜாடி ஸ்டோர் ரூமில் அப்படியே இருந்தது. மூன்று ராசாக்கள் வந்து போனார்கள், ஜாடி கவிழவில்லை.

இப்போது உன் பீப்பாய்க்கு வருகிறேன். முதல் சில வாரங்கள் நான் “தீந்துருச்சா?” என்று கேட்டது, நீ மொடாக்குடியன் ஆகிவிட்டாயா என்று தெரிந்துகொள்ளத்தான். “இன்னும் இருக்கும்மா” என்று நீ சொல்லும்போதெல்லாம் நிம்மதியாக இருக்கும். ஒருதரம் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்திகூட ஏற்றினேன். தவக்காலம் முடிந்து பாஸ்கா வந்தது, “இன்னும் இருக்கும்மா.” மாதாவின் வணக்க மாதமான மே முடிந்தது, “இன்னும் இருக்கும்மா.” வெள்ளிக்கிழமையானால் பிரெண்ட்ஸ் வருவார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாய். எந்த ஊர் பிரெண்ட்ஸ் அவர்கள்? வந்தால் குடிக்காமல் பீப்பாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டா போகிறார்கள்? கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, போன் திரையில் உன் பார் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. நீ உட்காரும் ஸ்டூலைத் தவிர மற்ற ஸ்டூல்களில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. நாலு பேர் வந்து போகிற அறையில் குரல் அப்படிக் கேட்காது ராசா. ஆள் இல்லாத வீட்டிலிருந்து பேசுகிற குரல் எனக்கு நன்றாகவே தெரியும், அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன்.

அன்று இந்த ஊரில் எல்லா அம்மாக்களும் பிள்ளை குடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி பீப்பாய் தீரவில்லையே என்று உட்கார்ந்து அழுதேன். இதை எந்த சாமியாரிடம் போய்ச் சொல்வது? “கேஸ் இருக்கிற வரைக்கும் கெடாதும்மா” என்று நீ பெருமையாகச் சொன்னாயே, அதுதான் எனக்குப் பயம். நான் அழுத அன்றே ஸ்டோர் ரூமுக்குப் போய் ஜாடியைத் திறந்தேன். காடியாகி மூக்கைத் துளைத்தது. சாக்கடையில் ஊற்றிக் கழுவினேன். என் ஜாடி நாறியாவது என்னை உலுக்கிவிட்டது. உன் பீப்பாய் கெடவும் கெடாது, நாறவும் நாறாது. யாரும் வராமலே வருஷம் ஓடினாலும் அது உன்னை ஒரு வார்த்தை கேட்காது.

என் கண் விஷயத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் நீ டிக்கெட்டைப் பற்றிப் பேசுவாய் என்று மறைத்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள் காலை, சொட்டு மருந்தை நானே விட்டுக்கொள்ளப் பார்த்தேன். ஒன்று கன்னத்தில் விழுந்தது, ஒன்று காதில் விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்வதி பார்த்திருக்கிறாள். கதவைத் தட்டக்கூட இல்லை, நேராக உள்ளே வந்து, “அண்ணாந்து உக்காருங்கக்கா” என்று என் தாடையைப் பிடித்தாள். மருந்து முடிகிறவரை தினமும் வந்தாள். இரண்டு வருஷமாக நான் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை, அதை அவளும் சொல்லிக்காட்டவில்லை. உன்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேட்காமல் கேட்காமல் எனக்குத்தான் நெஞ்சு கனத்துப்போயிற்று.

அதனால் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். கிறிஸ்துமஸும் இல்லை, புனித நாளும் இல்லை, ஆனி மாத வெயிலில் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி திராட்சை வாங்கி வந்து ஜாடி போட்டேன். கழுவிய அதே ஜாடி. அப்பா மாதிரி கிண்டினேன், வடிகட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, பட்டப்பகலில், தெருவே பார்க்க, கூஜாவைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றேன். பார்வதி புளி உருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்தாள். டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் குடிக்கும்முன் நானே சொல்லிவிட்டேன்.

“பார்வதி, அருளு கல்யாணம் முறிஞ்சு போச்சு. ரெண்டு வருசமாச்சு. நான்தான் சொல்லாம மறைச்சேன்.”

“தெரியும்க்கா” என்றாள். “ஊருக்கே தெரியும். நீங்க சொல்லாதத நாங்க எப்புடிக் கேக்குறதுன்னு இருந்தோம்.”

“அவன நான்தான் வர வேணாம்னுட்டேன்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். “நல்ல ஆளுக்கா நீங்க. புள்ள அங்கிட்டு யாருமில்லாமத் தனியாக் கெடக்கான், நீங்க இங்கிட்டு ஊரு வாய்க்குப் பயந்துக்கிட்டு இருக்கீங்களா?” இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளேயிருந்து முத்தையா சித்தப்பாவின் இருமல் கேட்டது. இந்த மாதத்தில் மாலை இல்லையே, மனுஷன் வெளியே வந்து கையை நீட்டினார். “ரெண்டு வருசமா ஒயினு வரலையே, நம்ம மேல டீச்சரம்மாவுக்கு என்ன கோவம்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார். இன்னமும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார், எக்சேஞ்சில் இருந்தவள் என்று எத்தனை வருஷம் சொல்லியும் ஏறவில்லை. பிறகு, “குடில் அருளு எப்ப வர்றான்?” என்று கேட்டார். இரண்டு வருஷமாக நான் எந்தக் கேள்விக்குப் பயந்து கதவைச் சாத்தினேனோ, அந்தக் கேள்வி அவ்வளவுதான் தம்பி. எப்ப வர்றான்? வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. பார்வதி கூஜாவை வெறுமனே திருப்பித் தராமல் அது நிறைய வறுத்த முந்திரியைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து நான் அரை டம்ளர் குடித்தேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல். அப்பா இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார்.

இதையெல்லாம் நான் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ பார் கட்டினாய், விளக்குப் போட்டாய், ஸ்டூல் வாங்கினாய், ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாய். உன் அப்பா வாழ்நாளில் ஒரு ஸ்டூல் வாங்கியதில்லை. கூஜாவை எடுத்துக்கொண்டு அவர்தான் தெருவைக் கடந்தார். உன் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றாயே, சாயங்காலமானால் சோம்பேறி நாய் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறவர், உன்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டுகிறவர். அவரிடமிருந்து தொடங்கு. குழாயிலிருந்து பிடித்தால் நுரை அடங்கிவிடும், உடனே குடிக்க வேண்டும் என்பாய். தெருவைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? மூடி போட்ட ஜக்கில் பிடித்துக்கொள், இரண்டு டம்ளரைக் கையோடு எடுத்துப் போ. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சிலிண்டரைப் பற்றிப் பேசு, வேப்பம்பூவைப் பற்றிப் பேசு, ஆம்பளைகளுக்கு இதெல்லாம் போதும். அவர் வேண்டாம் என்றால் பாதகமில்லை, அடுத்த வீடு இருக்கிறது. உன்னோடு வேலை பார்க்கும் அந்தப் பஞ்சாபிப் பையன் இருக்கிறான். அவர்கள் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு ஸ்டூல் உறைகளைப் பிரித்துப் போடு. நீ தனியாகக் குழாயைத் திறக்கிற நாளில் மட்டும் எனக்கு உன் பெரிய மாமா ஞாபகம் வருகிறது. நீ அளவோடுதான் குடிக்கிறாய், தெரியும். ஆனால் சுவரைப் பார்த்து உட்காராதே சாமி.

இன்னொன்று. டிசம்பரில் வா. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன், வா. அடங்குவதற்கு ஊரில் எதுவும் பொங்கவே இல்லை, பொங்கியதெல்லாம் என் மண்டைக்குள்தான். உனக்கு என்மேல் வருத்தம் இருந்தால் வந்து என் முகத்துக்கு நேராகக் கேள், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம், எனக்கும் இந்த வீட்டில் சத்தம் கேட்டு நாளாகிறது. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. திரையில் இல்லை. கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, உன்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? திருவருகைக் காலத்துக்கு முன்னால் நான் ஜாடி போட்டுவைக்கிறேன். பூசை முடிந்து முதல் டம்ளரை நீதான் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முத்தையா சித்தப்பா பங்கைப் பாட்டிலில் எடுத்து வைத்துவிடலாம்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன. இந்தக் கடிதம் கைக்கு வந்த வாரம் நீ தெருவைக் கடந்து போய்ப் பார். நான் வழக்கம்போல மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். வாரம் முழுக்க அந்த ஒரு போனுக்காகத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது உனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பார் மேசையில் ஆள் இருந்தால் போனை எடுக்காதே. அம்மா காத்திருப்பாளே என்று எழுந்து வெளியே வந்து பேசாதே. மணி முழுக்க அடித்து ஓயட்டும். இன்னொரு தரம் போட்டுப் பார்க்க மாட்டேன். “எடுக்கலைங்க” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்துபோய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பேன்.

அம்மா